பந்தலில் சட்டையில்லாமல்

"வாத்தியாரே, ஒம்போது நாள்ல இந்த வயிறு உள்ள போகணும்."

இருபத்தெட்டு வருஷம் கழித்துத் தேகப்பயிற்சிச் சாலைக்குள் நுழைந்த வரதப்பன், சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

மஸ்தான் வாத்தியார் கர்லாக்கட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒம்போதாம் நாள் என்னடா?"

"பொண்ணுக்குக் கல்யாணம். தாரை வார்க்கணும். சட்டையில்லாம உட்காரணும்."

"உட்காரு."

"எப்படி உட்கார்றது? இந்த ஊரே என்னை ஆணழகன்னு பார்த்தது வாத்தியாரே."

சோற்றைத் தொட்டு மாதம் ஒன்றாகிறது. முட்டையின் வெள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறான். விடியும் முன்னே ஓட்டம், சாயங்காலம் ஓட்டம். பத்திரிகை வைக்கப்போன வீட்டில் தலை சுற்றி விழுந்தும் ஆயிற்று. வயிறு மட்டும் அசையவில்லை.

"எனக்குப் பதிலா எங்க அண்ணனை உட்காரச் சொல்லிட்டேன். உங்களால முடிஞ்சா நான் உட்கார்றேன்."

"பொண்ணு என்ன சொல்லுது?"

"ரெண்டு நாளா என்கிட்ட பேசல."

வரதப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதே செம்மண் தரை. அதே நல்லெண்ணெய் வாசம். மூலையில் கொண்டைக்கடலை ஊறும் வாளி. அந்தக் காலத்தில் தண்டால் முடித்த கையோடு எல்லாரும் அதில் கைவிட்டு அள்ளித் தின்பார்கள். ஒருவன் முதுகுக்கு இன்னொருவன் எண்ணெய் தேய்ப்பான். மார்கழிக் குளிரில் உடம்பிலிருந்து ஆவி கிளம்பும். சட்டை எந்த ஆணியில் தொங்குகிறது என்ற நினைப்பே இருக்காது.

"அந்த உடம்பு எங்க போச்சு வாத்தியாரே?"

"கழட்டு சட்டையை."

தயங்கித் தயங்கிக் கழற்றினான்.

"மேடையில நின்ன மாதிரி நில்லு."

உடம்பு மறக்கவில்லை. மூச்சைக் கட்டி வயிற்றை உள்ளே இழுத்தான். நெஞ்சு விரிந்தது. கோப்பை வாங்கிய இருபத்துமூன்று வயசுக்காரன் ஒரு கணம் அந்த மண்ணில் நின்றான்.

"அடேயப்பா! எங்கயும் போகல, இங்கதான இருக்கு!" என்றார் வாத்தியார். "விட்டுடாதே. அப்படியே உட்காரு."

வரதப்பன் பெருமையோடு உட்கார்ந்தான். வாத்தியாரும் எதிரே சம்மணம் போட்டார்.

"தாரை வார்க்கும்போது பொண்ணு பேரைச் சொல்லணுமில்ல? சொல்லு."

வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"பூ…"

வயிறு நழுவியது. அவசரமாக இழுத்துக்கொண்டான்.

"பூவா? அவ்வளவுதானா பேரு?"

மறுபடியும் முயன்றான். கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறந்த அன்று, துணியில் சுற்றிக் கொடுத்த பிள்ளையின் காதோரம் குனிந்து மூன்று தடவை சொன்ன பேர்.

கட்டியிருந்த மூச்சை விட்டான். வயிறு சரிந்து மடியில் இறங்கியது.

"பூங்கோதை."

தண்டால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பூங்கோதை!"

வாத்தியார் எழுந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

"எனக்குக் கேட்டுச்சு. கேட்க வேண்டியவ வீட்ல இருக்கா."