நரி காட்டிக் கொடுத்த காலடி

பேருக்குக்கூட ஒரு மரம் இல்லாத தேசத்துல, உலகத்தோட வடக்கு உச்சியில, ஒரு வெள்ளைக் கரடி இருந்தா. அவ பேரு வெள்ளையம்மா. சுத்திப் பாத்தா பனி, பனிக்குக் கீழ கடல். ஆமாண்டா, கடலே உறைஞ்சு கெடக்கும், அது மேல நடந்துதான் அவ பொழைக்கணும். என்ன இளிப்பு? பொய் சொல்றேனா நான்?

அந்த வெள்ளையம்மா குளிர்காலத்துல பனியத் தோண்டிப் பொந்து பண்ணி, அதுக்குள்ள ரெண்டு குட்டி போட்டா. பொறந்தப்ப பெருச்சாளி அளவுதான், கண்ணுகூடத் தொறக்கல. அதுங்களுக்குப் பால் குடுத்துக்கிட்டே மாசக்கணக்குல ஒரு வாய் தின்னாம கெடந்தா. வெளிய வந்தப்ப எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது, பாலும் வத்திக்கிட்டே வருது. ஒரு கடல்நாய் கெடச்சா மூணு பேரும் பொழச்சாங்க, இல்லேன்னா மூணு பேரும் போய்ச் சேர்ந்தாங்க.

கடல்நாய்னா நம்ம தெருவுல குலைக்குமே, அது இல்ல. மீனத் தின்னுட்டு தண்ணிக்குள்ளயே கெடக்கும், மூச்சு விட மட்டும் பனியில இருக்கிற ஓட்டைக்கு வரும். ஓட்டைப் பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருந்து, மூக்க நீட்டினதும் ஒரே அறை அறையணும். வெள்ளைக் கரடி வேட்டை அவ்வளவுதான். ஆனா அசையக் கூடாது, ஒரு சத்தம் கேட்டாலும் அது ஓடிடும்.

மொத நாள் உக்காந்தா. மூத்தவன் கட்டி சமத்தாப் படுத்திருந்தான். சின்னவ சுட்டி இருக்காளே, அவளுக்கு நாலு காலும் சும்மா இருக்காது. ஒரு குதி குதிச்சா, கடல்நாய் போயே போச்சு. ரெண்டாம் நாள் உக்காந்தா. "அம்மா, உன் மூக்கு மட்டும் ஏன் கருப்பா இருக்கு?"ன்னு கேட்டா சுட்டி. "மூக்கு மட்டுமில்லடி, இந்த முடிக்குக் கீழ நம்ம தோலே கருப்புதான், இப்ப வாய மூடு"ன்னா அம்மா. அதுக்குள்ள அதுவும் போச்சு. மூணாம் நாள் உக்காந்தா, சுட்டி தும்மித் தொலைச்சா. வெள்ளையம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு, பாவம்.

இதையெல்லாம் ஒரு வெள்ளை நரி பின்னாலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தான். வருஷா வருஷம் வெள்ளையம்மா கடல்நாயோட கொழுப்பைத் தின்னுட்டு, கறிய விட்டுட்டுப் போவா, அதைத் தின்னே உடம்ப வளத்த பய. இவ இனி வேட்டையாடி நமக்கு எப்ப மிச்சம் விழறதுன்னு, நேரா ஒரு ஆண் கரடிகிட்ட போனான். அவன் பேரு தடியன், வெள்ளையம்மா மாதிரி ரெண்டு பங்கு இருப்பான். பசி வந்தா குட்டியக்கூட அடிச்சுத் தின்னுடுவான், ஆமா, தன் இனத்துக் குட்டியத்தான்.

"அண்ணே, ரெண்டு குட்டி இருக்கு, ஆத்தாக்காரி எலும்பும் தோலுமா கெடக்கா. காட்டினா எனக்கு என்ன தருவீங்க?"

"மிச்சம் உனக்கு. இவ்வளவு பெரிய பனியில எங்கடா தேடறது?"

"உங்க கரடி இனத்துக்கே உள்ளங்கால்லதான் வாசனை இருக்கே அண்ணே! அவ நடந்த எடமெல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கும். காலடி எங்கன்னு நான் காட்டறேன், மோந்துக்கிட்டே வாங்க."

காத்து வெள்ளையம்மா இருக்கிற பக்கம் அடிச்சுது. அவ மூக்கத் தூக்கினா, தடியன் வாடை. "எந்திரிங்க ரெண்டு பேரும்! ஓடுங்க!"ன்னா. ஓடுறாங்க ஓடுறாங்க, குட்டிக் காலு எவ்வளவு ஓடும்? திரும்பிப் பாத்தா தூரத்துல ஒரு மஞ்ச வெள்ளைப் புள்ளி. மறுபடி பாத்தா புள்ளி பெருசாயிடுச்சு. மறுபடி பாத்தா கால் தெரியுது.

முன்னால பாத்தா, வெயில்ல உருகி மெலிசான பனி, கீழ கடல் கருகருன்னு தெரியுது. நீந்திடலாம், ஆனா குட்டிங்க உடம்புல இன்னும் கொழுப்பு ஏறல, அந்தத் தண்ணியில விழுந்தா வெறச்சுடும். வெள்ளையம்மா சட்டுனு கவுந்து படுத்தா. நாலு காலையும் அகலமா விரிச்சு, வயித்தத் தேச்சுத் தேச்சு ஊர்ந்தா. கனத்தைப் பரப்பினா பனி தாங்கும்னு அவளுக்குத் தெரியும். பனி கிர்ர்ருனு கத்துச்சு.

"அம்மா, பயமா இருக்கு."

"எனக்கும்தான்டி. குதிக்காம என் பின்னால ஊர்ந்து வா."

சுட்டி வந்தா. ஒரு குதி குதிக்கணுமே, ம்ஹூம். மூணு பேரும் அந்தப் பக்கத்துக் கெட்டிப் பனிக்குப் போயிட்டாங்க. தடியன் வந்து நின்னான், பனியப் பாத்துத் தயங்கினான். நரிக்குப் பொறுக்கல. "இதோ நான் ஓடறேன் பாருங்க அண்ணே, உடையவா செய்யுது? கைக்கெட்டுற தூரத்துல குட்டிங்க!"ன்னு நடுப்பனியில குதிச்சுக் காட்டினான். உள்ளங்கையில அடங்குற நரிக்கும் மலை மாதிரி தடியனுக்கும் ஒரே பனி ஆகுமா? அந்த முட்டாள் நம்பி ஓடினான். நாலே எட்டு. டமார்! தடியன் உள்ள போனான், நரி நின்ன பனியும் சாஞ்சு அவனும் தண்ணியில விழுந்தான்.

தடியன் முன்னால ஏறப் பாத்தா பனி உடையுது, மறுபடி ஏறப் பாத்தா உடையுது. கோவத்துல நரியோட கழுத்தக் கவ்விக்கிட்டு, வந்த பக்கமே நீந்திக் கரையேறினான்.

"அண்ணே, அண்ணே, குட்டிங்க அந்தப் பக்கம் இருக்கு!"

"அது அந்தப் பக்கம். நீ இந்தப் பக்கம் இருக்கியே!"

மிச்சமே வைக்கல. தின்னுட்டு, ஈரத்த உதறிக்கிட்டு வந்த வழியே போயிட்டான்.

வெள்ளையம்மா திரும்பித் திரும்பிப் பாத்தா. ஆனா பசிக்கு அதெல்லாம் தெரியுமா? இன்னொரு ஓட்டையக் கண்டுபிடிச்சு உக்காந்தா. குட்டிங்க ரெண்டும் ஓடின களைப்புல செத்த பொணம் மாதிரி தூங்குதுங்க. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு மூக்கு எட்டிப் பாத்துச்சு. ஒரே அறை! கொழுப்பை அள்ளி அள்ளித் தின்னா. கொஞ்ச நேரத்துல பால் சுரந்துச்சு, வெண்ணெய் மாதிரி கெட்டிப் பால்.

சுட்டி குடிக்கிறத நிறுத்திட்டு, "அம்மா, அவன் மறுபடியும் வருவானா?"ன்னு கேட்டா.

வெள்ளையம்மா காத்த மோந்து பாத்தா. "வருவான்டி. நீ குடி, சீக்கிரம் பெருசாகு"ன்னா.

ஒருத்தி போட்டதைத் தின்னுட்டு அவ புள்ளையவே காட்டிக் கொடுத்தா நரி கதிதான். நரி போன வழி நரியோட, கரடி நடந்த வழி கரடியோட, சொன்ன கதை உங்களோட.