எட்டயபுரம் தாண்டிய பலூன்

ஒரு வழக்கு சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. என்னிடம் விட்டால் மூன்று பேருக்கும் தலையில் ஒரு குட்டு வைத்து அனுப்பிவிடுவேன். அதனால் நீங்களே சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் மூன்று பேர் சேர்ந்து சொந்தமாகப் படக்கதை போட்டு வந்தார்கள். ஜெசிந்தா கதையும் வசனமும் எழுதுவாள். மாடசாமி படம் வரைவான். நூருல் அமீன் தன் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பாத்திரங்களின் வாயருகே நிற்கும் வெள்ளை வட்டங்களுக்குள் எழுத்தை அடுக்குவான். அந்த வட்டத்துக்கு அவர்கள் பாஷையில் பலூன் என்று பெயர். வாரம் ஒரு அத்தியாயம் இணையத்தில் வரும். ஜனங்கள் கைபேசியில் தள்ளித் தள்ளிப் படிப்பார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பக்கமானாலும் வெளியே போகுமுன் ஜெசிந்தா ஒவ்வொரு பலூனையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். மற்ற இருவரும் கேட்பார்கள். நாக்கு தடுக்கிய வசனம் வெட்டப்படும், அவளே கெஞ்சினாலும் நிற்காது.

இந்தக் கதை அவளுடைய அப்பாவைப் பற்றியது. உப்பு லாரி ஓட்டியவர். மதுரைக்கு லோடு ஏற்றிப் போகும்போதெல்லாம் எட்டயபுரத்தில் டீ குடிக்க நிறுத்தி, "ஜெசி, எட்டயபுரம் தாண்டிட்டேன்" என்று போன் செய்வார். டீக்கடை ஊருக்குள்ளேதான் இருக்கும், தாண்டியிருக்க மாட்டார். அவள் சிரித்துக்கொண்டே "பாத்து வாங்கப்பா" என்பாள். அதைக் கேட்டால்தான் அவருக்கு வண்டி நகரும். பிறகு அவள் பேங்க் பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டுப் படக்கதையில் இறங்கினாள். "பொம்மைக் கதை சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டார் மனுஷர். அவளுக்கு வந்த கோபத்தில் பேச்சையே நிறுத்திவிட்டாள். அவரோ போன் செய்வதை நிறுத்தவில்லை. எட்டயபுரம் தாண்டிட்டேன் என்பார், கொஞ்ச நேரம் காத்திருப்பார், அவள் போனை அம்மா கையில் கொடுத்துவிடுவாள். அப்படியான ஒரு பயணத்தில்தான் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி.

கடைசிப் பக்கத்தில் இரண்டே கட்டங்கள். முதலாவதில் லாரிக்குப் பக்கத்தில் அப்பா, காதில் போன், எட்டயபுரம் தாண்டிட்டேன். இரண்டாவதில் மகள், காதில் போன், வாயருகே ஒரு பெரிய பலூன். அந்த ஒரு பலூனுக்காகத்தான் அவள் இந்தக் கதையையே எழுத ஆரம்பித்தாள். ஆனால் அதற்கு வசனம் கேட்டபோதெல்லாம் அப்புறம் தருகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

கதையைப் புத்தகமாகப் போட முடிவு செய்தார்கள். மதுரைப் புத்தகக் காட்சி நெருங்கிவிட்டது, சிவகாசி அச்சகம் அவசரப்படுத்தியது. வழக்கம்போல் வாசிக்க உட்கார்ந்தார்கள். கடைசிப் பக்கம் வந்ததும் ஜெசிந்தா அமைதியாகிவிட்டாள். பாவம், அப்பா நினைப்பு என்று மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மனசுக்குள் வாசித்திருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். ஒருவரும் தாளைப் பார்க்கவில்லை; வசனம் இன்னும் வரவில்லை என்பது அந்த அவசரத்தில் நூருலுக்கும் மறந்துபோயிருந்தது. பலூன் காலியாகவே அச்சேறிவிட்டது.

காட்சி அரங்கில்தான் நூருலின் கண்ணில் பட்டது. பிரதிகளை அவசரமாகத் திரும்பக் கட்டி வைக்கப் போனான். ஆனால் நடந்ததோ வேறு. வாங்கியவர்கள் பேனாவை எடுத்துத் தாங்களே அந்தப் பலூனுக்குள் எழுத ஆரம்பித்தார்கள். ஒருத்தர் 'மன்னிச்சிருங்க' என்று எழுதினார். ஒரு பெண் தன் அண்ணன் பெயரை மட்டும் எழுதிவிட்டு ஓரமாக நின்று அழுதாள். கொண்டு வந்த பிரதி அத்தனையும் விற்றுப் போய்விட்டது.

இரண்டாம் பதிப்பு போடும் வேளை வந்தது, கூடவே வம்பும் வந்தது. ஜெசிந்தா ஒரு வழியாக வசனத்தை எழுதி, பத்தி பத்தியாக நூருலின் கைபேசிக்கு அனுப்பிவிட்டாள். "இந்தப் பலூன் நிரம்பாம என் புத்தகம் முடியாது" என்றாள்.

மாடசாமி ஒத்துக்கொள்ளவில்லை. காலியாகத்தான் இருக்க வேண்டும் என்றான். "இப்ப நாம எழுதினா, எழுதினவங்க வாயைப் பொத்துற மாதிரி ஆயிரும்."

நூருல் நடுவில் புகுந்தான். தவறு தன் கையால் நடந்தது, திருத்தியாக வேண்டும். ஆனால் அதை நல்லபடி ஆக்கியது வாசகர்கள். ஆகவே அவர்கள் எழுதியதிலேயே சிறந்த ஒன்றை எடுத்து அச்சடிப்போம் என்றான்.

மூன்று பேரும் ஒத்துக்கொள்ளாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. அச்சகத்துக்காரர் போன்மேல் போன் போடுகிறார்.

சொந்தக் கதைக்காரியின் வசனமா, வாசகரின் வசனமா, வெறும் பலூனா? இதில் யார் சொன்னது சரி?

யோசித்தீர்களா? என் விடை இது. மூன்று பேருமே தங்கள் வழக்கத்தை மறந்துவிட்டு வாதாடினார்கள். வாசித்துக் காட்டாத வசனம் எப்படி அச்சுக்குப் போகும்? கடைசியில் மாடசாமிக்குத்தான் அது உறைத்தது. "முதல்ல வாசி ஜெசி" என்று பக்கத்தை அவள் முன்னால் வைத்தான். நூருலின் கைபேசியை வாங்கித் தான் எழுதியதை வாசிக்கத் தொடங்கினாள். முதல் வரியிலேயே நாக்கு தடுக்கியது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். படத்தில் காத்துக்கொண்டு நிற்கிற மனுஷரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாத்து வாங்கப்பா" என்றாள். கொஞ்சமும் தடுக்கவில்லை. நூருல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பலூனில் அடிக்கப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம். நான் சொல்லிட்டேன். இது மத்தவங்களுக்கு இருக்கட்டும்" என்றாள். ஆக, நடந்தது மாடசாமி கேட்டது. ஆனால் சரியாகச் சொன்னவள் ஜெசிந்தாதான். வாயால் சொல்லியாவது அந்தப் பலூன் நிரம்பாமல் அவள் புத்தகம் முடிந்திருக்காது. இரண்டாம் பதிப்பு காலிப் பலூனோடு வந்தது. கிடைத்தால் வாங்கிப் பாருங்கள், கையில் ஒரு பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.