வெட்டுமேட்டுப் போரில் வெயிலுகந்தான் விழுந்த கதை

சின்னாளங்குறிச்சிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். வெட்டுமேட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

வெட்டுமேடு பழைய போர்க்களம். இப்போது அதைப் பூங்காவாக்கி டிக்கெட் போட்டுவிட்டார்கள். பீரங்கி மேல் உட்கார்ந்து போட்டோ எடுக்கலாம், வைக்கோல் பொம்மை மேல் ஈட்டி எறியலாம். காணும் பொங்கலன்று அந்தக் காலத்துச் சண்டையையே நடித்துக் காட்டுவார்கள். இந்த வருஷம் வெள்ளைக்காரப் படைக்குக் கல்லூரிப் பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். தோற்றுச் சாகிற படைக்குத்தான் ஆள் இல்லை. பூங்கா சூப்பர்வைசர் கதிரேசன் அலைந்து திரிந்து, கடைசியில் சின்னாளங்குறிச்சியில் எட்டுப் பேரைப் பிடித்தார். அவர்களுக்குத் தலைவர் பால்வண்ணம் அண்ணாச்சி. ஏழாம் வகுப்பை மூன்று முறை படித்தவர், அதனால் ஊரில் அவருக்குத்தான் படிப்பு அதிகம்.

எட்டுப் பேரில் ஒருவன் வெயிலுகந்தான். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவன் மகள் இசக்கியம்மாளுக்கு நிச்சயதார்த்தம். "இன்னைக்குப் போயி சாவணுமா?" என்று பெண்டாட்டி சொர்ணம் கேட்டாள். "பத்து மணிக்குச் செத்தா பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்திருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

கதிரேசன் எட்டுப் பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "வேட்டுச் சத்தம் கேட்டதும் செத்து விழுந்திரணும். நானா வந்து எந்திரிங்கன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் அசையப்படாது. என்ன?"

"உசுரே போனாலும் அசைய மாட்டோம் சார்" என்றார் அண்ணாச்சி.

பத்து மணிக்குக் கொம்பு ஊதியது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு பலகை: புல்தரையில் நடக்கக் கூடாது. எட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள்.

"நடக்கப்படாதுன்னு எழுதியிருக்கு. எப்படிப் படையெடுக்கது?" என்றான் சப்பாணிமுத்து.

அண்ணாச்சி பலகையை இரண்டு முறை வாசித்தார். "நடக்கத்தாம்லே படாது. உருளப்படாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

எட்டுப் பேரும் வாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரியை நோக்கி உருண்டார்கள். வெள்ளைக்காரப் பையன்கள் வெலவெலத்துப் போனார்கள். மைக்கில் பேசியவர், "இது நம் முன்னோர்களின் உருளும் படை!" என்று ஒரே போடாகப் போட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். வேட்டு வெடித்தது, எட்டுப் பேரும் செத்தார்கள். உருண்டபடியே செத்ததால் விழுகிற வேலை மிச்சம்.

அந்த வேட்டுச் சத்தத்தில், சண்டைக்கென்று வாடகைக்குப் பிடித்து வந்த குதிரை மிரண்டு, வேலியைத் தாண்டி ஓடியது. கதிரேசன் "ஐயையோ!" என்று அதன் பின்னால் ஓடினார். சண்டை முடிந்தது, வென்றவர்கள் பிரியாணி சாப்பிடப் போனார்கள். செத்தவர்கள் கிடந்தார்கள்.

பார்க்க வந்தவர்கள் மாண்ட வீரர்கள் மேல் பூத் தூவலாம் என்று ஏற்பாடு. சப்பாணிமுத்துவின் மூக்கில் ஒரு செவ்வந்தி இதழ் போய், அவன் தும்மினான்.

"செத்தவன் தும்மலாமாலே?" என்றார் அண்ணாச்சி, உதடு அசையாமல்.

"இது உசுரோட இருக்கையில வந்த தும்மல் அண்ணாச்சி. இப்பத்தான் வெளிய வருது."

"அப்பச் சரி. புதுசாத் தும்மிராத."

மணி இரண்டாகியும் புருஷன் வராததால் சொர்ணம் பதறிக்கொண்டு வந்தாள். "நல்ல ஆளுய்யா நீங்க! நாலு மணிக்குச் சம்பந்திமாரு வாறாக. எந்திரிங்க!"

"நீ சொன்னா எந்திரிக்க முடியாது. சார் சொல்லணும்."

"சார் எங்க?"

"குதிரை எங்கயோ, சாரும் அங்கதான்."

நாலு மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா நல்லபெருமாள் தட்டும் பழமுமாய் வீட்டில் வந்து இறங்கினார். "சம்பந்தி எங்க?" என்று கேட்டார். சொர்ணத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அவுக காலையிலேயே வெட்டுமேட்டுப் போர்ல விழுந்துட்டாக. நீங்க காபி சாப்பிடுங்க" என்றாள்.

தட்டுகளோடு எல்லோரும் வெட்டுமேட்டுக்கே போனார்கள்.

"சம்பந்தி, சௌகரியமா?" என்று நல்லபெருமாள் குனிந்து கேட்டார்.

"செத்துக் கிடக்கேன் சம்பந்தி. மத்தபடி சௌகரியந்தான்."

நல்லபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார். "செத்த வீட்டுல தாம்பூலம் மாத்துனா ஊரு காறித் துப்பும். பதினாறு கழியுற வரைக்கும் காத்திருக்க எங்களால ஆகாது. வேற இடம் பாத்துக்கிடுதோம்."

இசக்கியம்மாள் பொலபொலவென்று அழுதாள். மாப்பிள்ளையும் அழுதான். அவனைப் பார்த்து வெயிலுகந்தானும் அழுதான், அசையாமல்.

அந்த நேரத்தில்தான் கதிரேசன் குதிரையைப் பிடித்துக்கொண்டு, இல்லை, குதிரை கதிரேசனை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. "அட பாவிகளா, இன்னுமா கிடக்கீங்க? எந்திரிங்கய்யா!"

எட்டுப் பேரும் எழுந்தார்கள். இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பொறுங்க" என்றார் நல்லபெருமாள். "எந்திரிச்சது சரி. ஆனா காலையில பத்து மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் செத்துக் கிடந்தாரா இல்லையா? செத்தா தீட்டு உண்டா இல்லையா?"

நல்ல நேரம் ஆறு மணியோடு முடிகிறது. அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். மூன்று முறை படித்த ஏழாம் வகுப்பு அவருக்குக் கைகொடுத்தது.

"முழுச்சாவுக்குப் பதினாறு நாள். இவன் செத்தது ஏழு மணி நேரம். இதுக்கு அரை மணி நேரத் தீட்டே அதிகம். காரியத்தை இங்கேயே முடிச்சிருவோம்."

இது நியாயம் என்று நல்லபெருமாளே ஒத்துக்கொண்டார். காரியம் செய்ய மகன் வேண்டும். வெயிலுகந்தானுக்கு மகன் இல்லை. அதனால் அவனே பூங்காவுக்குள் இருந்த பழைய கோட்டை அகழியில் மூன்று முழுக்குப் போட்டு, தனக்குத் தானே எள்ளும் தண்ணீரும் இறைத்து, தெற்கே பார்த்து ஒரு கும்பிடும் போட்டான். தீட்டுக் கழிந்தது.

ஐந்தே முக்காலுக்குப் பீரங்கிக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்தார்கள். பெண்ணின் அப்பா காலமாகிவிட்டதால் அவர் இடத்தில் பால்வண்ணம் அண்ணாச்சி உட்கார்ந்து தாம்பூலம் மாற்றிக்கொண்டார். கூடி நின்ற ஜனங்கள் இதுவும் டிக்கெட்டில் சேர்ந்ததுதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஈர வேட்டியோடு ஓரமாய் நின்ற வெயிலுகந்தான் தேம்பித் தேம்பி அழுதான்.

"மக நிச்சயத்தைப் பாக்க எனக்குக் கொடுத்து வைக்கலையே, சொர்ணம்!"

சொர்ணம் முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாதீங்க. அவுக எங்க இருந்தாலும் நம்மளப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாக."