நடு ஆற்றில் நியமன ஓலை

கொன்றையூர் ராஜா கோதண்டவர்மருக்கு மூக்கு நுனி வெயிலில் உரிந்துபோயிருந்தது. ராஜாவுக்கு ஏது வெயில் என்று கேட்பீர்கள். வெண்கொற்றக்குடை இருந்தது, பிடிக்கத்தான் ஆளில்லை. பழைய குடைக்காரர் முதுகுவலி என்று விலகிவிட்டார். நியமன ஓலை பெற்றவனைத் தவிர வேறு யாரும் அந்தக் குடையைத் தொடக்கூடாது என்பது அரண்மனைச் சட்டம். ஆகவே ராஜா தலையில் வாழையிலையைக் கவிழ்த்துக்கொண்டு உலா போனார். இது ஏதோ புது விரதம் என்று நினைத்து ஜனங்களும் இலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். ஊரில் சாப்பிட இலை கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் ஆளைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆடிக் காற்றில் குடையை அசையாமல் பிடிக்கும் போட்டி வைத்தார்கள். கடைசிவரை நின்றவன் ஒருவன்தான். தோணித்துறையில் துடுப்புப் போடும் ஆண்டியப்பன். ராஜா அகமகிழ்ந்து, "இவனுக்கே வேலை! ஓலை எழுதும்!" என்றார்.

எழுதியவர் விசாரணை அதிகாரி பூவராகர். அவருடைய மைத்துனன் அதே போட்டியில் குடையோடு குளத்தில் விழுந்தவன். மனிதருக்கு வயிறு எரியாதா? ஓலையின் கடைசி வரியில் ஒரு கொக்கி போட்டார்: 'இவனுடைய பூர்வீகத்தை விசாரித்து முடித்தபின் இந்த நியமனம் உறுதி.'

"நாளைக்கே துறை வேலையை விட்டுவிடு" என்றார்.

"விசாரணை முடியட்டுமே, சாமி?"

"வேறு எஜமானிடம் இருப்பவனை நான் விசாரிக்கவே மாட்டேன்."

 அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விடுகிறேன் என்று துடுப்பைக் கீழே வைத்தவன் அதை மறுபடி தொடக்கூடாது. தொட்டால் தோணி கவிழும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆண்டியப்பன் வீட்டில் ஆறு பேர் சாப்பிட வேண்டும். துடுப்பும் போய், குடையும் கிடைக்காவிட்டால்?

நேராகத் தோணியின் சொந்தக்காரி பேச்சியம்மாளிடம் போனான்.

"அக்கா, நான் வேலைய விட்டுட்டேன்."

"என்னடா உளறுற?"

"நிபந்தனையோட விட்டிருக்கேன். உறுதி ஓலை என் கைக்கு வர்ற அந்த நொடியில துடுப்பு கீழ. அதுவரைக்கும் கையில."

பேச்சியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சரி, நானும் நிபந்தனையோடதான் ஒத்துக்கிட்டேன். போய்த் துடுப்பப் போடு."

வேலையை விட்டாயிற்று என்று அவளே சாட்சி சொல்லிவிட்டதால் பூவராகரால் மறுக்க முடியவில்லை. விசாரணையைத் தொடங்கினார். அடேயப்பா, என்ன விசாரணை! ஐந்து வயதில் எந்தக் கொய்யா மரத்தில் ஏறினான்? ஏறியதற்கு மரம் சம்மதித்ததா? பிறந்தபோது அழுதானா? அழுததைக் கேட்டவர் யார்? மருத்துவச்சி கேட்டதாகச் சொன்னாள். அவள் காது சரியாகக் கேட்கும் என்பதற்கு வைத்தியரின் ஓலை வேண்டும் என்றார். வைத்தியர் வைத்தியர்தான் என்பதற்கு நோயாளிகளைக் கேட்டார். ராஜா விசாரிக்கும்போதெல்லாம், "நடக்கிறது மகாராஜா. கொள்ளுத்தாத்தாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. இறந்துவிட்டாராம்" என்பார்.

இப்படியிருக்க, அக்கரையில் ராஜாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. ராஜா தோணியில் ஏறினார். பக்கத்தில் பூவராகர், அவர் அருகே உறைபோட்ட குடை. உச்சி வெயில். துடுப்புப் போட்டவன் ஆண்டியப்பன்.

நடு ஆற்றில் தோணி நின்றது. ஆண்டியப்பன் நங்கூரக் கல்லை இறக்கிவிட்டுச் சாவகாசமாகத் தலைப்பாகையை உதறிக் கட்டினான்.

"ஏன் நிறுத்தினாய்?" என்று பதறினார் பூவராகர்.

"உங்கள அக்கரை சேர்க்க ஒத்துக்கிட்டேன், சாமி. ஆனா விசாரணை முடிஞ்ச பிறகுதான் உறுதி. உங்க பரம்பரையில யாராவது தோணியக் கவுத்திருக்காங்களான்னு கேட்டு வர ஆள் அனுப்பியிருக்கேன். அடுத்த ஆடி மாசம் திரும்பிடுவாரு."

"ஆடி மாதமா? முகூர்த்தம் இன்னும் இரண்டு நாழிகையில்!"

"அவசரப்பட்டா எப்படி? உங்க கொள்ளுத்தாத்தாவ நேர்ல பாக்க வேண்டாமா?"

ராஜா வாழையிலைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தார். இலை வெயிலில் வதங்கிக் காதுவரை தொங்கியது. "அதுவரை நாங்கள் என்ன செய்வது?"

"இந்தக் கரையும் இல்லாம, அந்தக் கரையும் இல்லாம சும்மா உக்காந்திருக்கணும், மகாராஜா. ஒண்ணும் ஆகாது. நான் ஆறு மாசமா அப்படித்தான் இருக்கேன்."

ராஜா உரிந்த மூக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிப் பூவராகரைப் பார்த்தார். 

"ஓய், எழுத்தாணியை எடும். அவன் ஓலையில் 'உறுதி' என்று எழுதும். இப்போதே!"

பூவராகர் மடியில் வைத்திருந்த ஓலையை எடுத்து எழுதினார். ராஜா தன் மோதிர முத்திரையை வைத்தார். ஓலை ஆண்டியப்பன் கைக்குப் போனது. அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. பிறகு கல்லைத் தூக்கித் தோணிக்குள் போட்டான். துடுப்பைக் கீழே வைத்தான். உறையைக் கழற்றிக் குடையை விரித்து, ராஜாவின் தலைக்கு மேல் அசையாமல் பிடித்து நின்றான்.

ஆகா, என்ன நிழல்! ராஜா இலையைத் தூக்கி ஆற்றில் போட்டார். தோணி மெல்லச் சுற்றத் தொடங்கியது.

"அட, துடுப்பைப் போடப்பா!"

"நான் குடைக்காரன், மகாராஜா. ஓலை வந்த நொடியிலேயே துறை வேலை போயிடுச்சு. இனிமே துடுப்பத் தொட்டா தோணி கவிழும். பேச்சியக்காவ வேணா கேட்டுப் பாருங்க."

"அப்படியானால் தோணியை ஓட்டுவது யார்?"

ஆண்டியப்பன் பணிவோடு பூவராகரைப் பார்த்தான். ராஜாவும் பார்த்தார். பார்க்கப் பார்க்க ராஜாவுக்குச் சிரிப்பு பொங்கிவந்தது. தோணியே குலுங்கும்படி சிரித்தார். குடை மட்டும் ஆடவில்லை.

"பூவராகரே, படகோட்டி வேலை உமக்குத்தான். நிபந்தனையோடு. கரை சேர்ந்தால் உறுதி!"