கூழைக்கடா ஏற்றாத பை

மலையடிவாரக் காடு ஒன்றில் செவ்வந்தி என்று ஒரு முயல் இருந்தது. நல்ல முயல்தான். ஆனால் எதைச் செய்வதற்கு முன்பும் "ஒருவேளை..." என்று ஆரம்பித்துவிடும். ஒருவேளை மழை வந்தால்? ஒருவேளை மழை வராவிட்டால்? இரண்டுக்கும் சேர்த்துக் கவலைப்படும்.

அதற்குப் பிச்சி என்று ஒரு தங்கை. மலை உச்சியில் இருந்த மேலக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தது. தாய் இல்லாத பிள்ளைகள். பிச்சிக்கு எல்லாமே அக்காதான்.

ஒரு நாள் காலையில் மைனா ஒன்று பறந்து வந்தது. இந்தக் காட்டுச் சேதியை அந்தக் காட்டிலும், அந்தக் காட்டுச் சேதியை இந்தக் காட்டிலும் சொல்லாவிட்டால் அதற்குச் சாப்பாடு இறங்காது.

"செவ்வந்தியக்கா! பிச்சிக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. தலைப்பிரசவம் இல்லையா, ரொம்பப் பயந்துபோய்க் கிடக்கா. 'எங்க அக்காவை வரச் சொல்லு'ன்னு ஒரே அழுகை."

முயல் துள்ளி எழுந்தது. ஆனால் மலைக்கு நடந்து போக முடியாது; நடுவில் ஓடும் ஆற்றில் வெள்ளம். இருந்த ஒரே வழி கூழைக்கடாதான். அலகுக்குக் கீழே பெரிய தோல் பை தொங்குமே, அந்தப் பறவை. போகிறவரை முதுகில் ஏற்றிக்கொள்ளும். அவருடைய பையைத் தன் வாய்க்குள் வைத்துக்கொள்ளும். மழைக்காலம் பிறந்துவிட்டால் அதுவும் மலைப் பக்கம் பறக்காது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. அன்று மதியம் போவதுதான் கடைசிப் பயணம் என்று அது சொல்லியிருந்தது.

முயல் ஒரு துணிப்பையை எடுத்து வைத்துச் சேலைகளை அடுக்கத் தொடங்கியது. முயலுக்குச் சேலையா என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. கதைக்குள் வந்துவிட்டால் முயலும் சேலை கட்டும்.

"மேலக்காட்டுல குளிருமே" என்று ஒரு கம்பளிப் போர்வையை வைத்தது. "ஒருவேளை வெயில் அடிச்சா?" என்று மெல்லிய சேலை ஒன்றை வைத்தது.

"பேர் வைக்கிற விசேஷம் இருக்கும்க்கா" என்றது மைனா. "கட்டினதையே கட்டிக்கிட்டு நின்னா மேலக்காட்டுக்காரங்க என்ன பேசுவாங்க? பட்டு ஒண்ணு எடுத்துக்க. சாயங்காலத்துக்கு வேற ஒண்ணு எடுத்துக்க."

"ஒருவேளை பட்டுல கறை பட்டுட்டா?"

"அதான் சொல்றேன், இன்னொரு பட்டும் எடுத்துக்க!"

கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்த சேலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. பை நிறைந்தது. முயல் பையின்மேல் ஏறிக் குதித்தது. மைனாவும் தன் பங்குக்கு உட்கார்ந்து அழுத்தியது. எப்படியோ கயிற்றால் வாயைக் கட்டினார்கள். இரை விழுங்கிய மலைப்பாம்பைப் போல வயிறு புடைத்துக் கிடந்தது அந்தப் பை.

ஏரிக்கரையில் கூழைக்கடா காத்திருந்தது. கறார் என்றால் அப்படி ஒரு கறார். "பை வாய்க்குள்ள போன பிறகு நான் பேச முடியாது. பேச வேண்டியதை இப்பவே பேசிக்க" என்று சொல்லி அலகைத் திறந்தது.

முயல் பையைத் தூக்கி உள்ளே திணித்தது. பாதி பை உள்ளே போனது. மீதி வெளியே நின்றது. கூழைக்கடா அதைத் துப்பிவிட்டது.

"மாமா, கொஞ்சம் அழுத்திப் பாருங்களேன்" என்றது முயல்.

"என் வாய் மூடணும்மா. மூடலைன்னா காத்து உள்ளே புகுந்து ரெண்டு பேரையும் ஆத்துல தள்ளிடும். வேண்டாததை எடுத்து வெளியே வை."

முயல் பையைப் பிரித்தது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஒருவேளை' இருந்தது. வெகு நேரம் யோசித்து, ஒரு கைக்குட்டையை மட்டும் வெளியே வைத்தது. பிறகு அதையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டது.

முதல் தூறல் விழுந்தது. கூழைக்கடா சிறகை விரித்தது.

"நான் கிளம்பறேன்."

"மாமா! பிச்சி அங்கே தனியா இருக்கா!" என்றது முயல்.

"உன்னை ஏத்த மாட்டேன்னு நான் சொன்னேனா? நீ ஏறு, இப்பவே பறக்கறேன். இந்தப் பைதான் உன்னை விட மாட்டேங்குது." கூழைக்கடா கழுத்தை நீட்டித் துணிக் குவியலை எட்டிப் பார்த்தது. "அது சரி, இவ்வளவும் உனக்குத்தானே? பொறக்கப் போற குட்டிகளுக்கு எது?"

முயல் குவியலை மறுபடி கிளறியது. மைனாவும் அலகால் புரட்டிப் பார்த்தது. குட்டிகளுக்கு என்று ஒரு முழத் துணிகூட அந்தப் பையில் இல்லை.

பிறந்த குட்டிக்குப் புதுத்துணி ஆகாது என்பது காட்டில் எல்லாருக்கும் தெரியும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சேலையில்தான் சுற்ற வேண்டும். கஞ்சி போட்ட துணி பிஞ்சு உடம்பைக் கீறிவிடும். செவ்வந்திக்கு வெட்கமாக இருந்தது. தங்கையைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டு, தங்கையை மறந்தே போயிருந்தது.

அது குனிந்து தன்னைப் பார்த்தது. நல்ல சேலைகள் கசங்கக் கூடாது என்று, பயணத்துக்காகப் பழசு ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. எத்தனையோ தடவை துவைத்த, பஞ்சு போன்ற சேலை.

"மாமா, ஒரு நிமிஷம்!" என்று புதருக்குப் பின்னால் ஓடியது. இருந்ததிலேயே தடித்த சேலையை உடம்பில் கட்டிக்கொண்டது. கம்பளிப் போர்வையைப் பையில் வைக்காமல் மேலே போர்த்திக்கொண்டது. பழைய சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தது.

பிறகு ஒவ்வொரு துணியையும் தூக்கிப் பிடித்துக் கேட்டது. "நீ குட்டிக்கா, எனக்கா, ஊருக்கா?"

பட்டுகள் எல்லாம் ஊருக்கு. சாயங்காலச் சேலையும் ஊருக்கு. அவை கரையிலேயே நின்றன. "மைனா, இதையெல்லாம் என் வளையில போட்டுடு" என்றது முயல்.

மாற்றிக் கட்ட ஒரே ஒரு மெல்லிய சேலை மிஞ்சியது. முயல் அதை மடிக்கவில்லை. பாயைச் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டியது. பழைய சேலையையும் அப்படியே சுருட்டியது. மலைபோல் நின்ற பை இப்போது ஒரு பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது.

கூழைக்கடா வாயில் வாங்கிப் பார்த்தது. அலகு மூடியது. மறுபடி திறந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் இடம் இருக்கே" என்றது.

"அப்படின்னா ஒருவேளை..." என்று ஆரம்பித்தது முயல்.

கூழைக்கடா பார்த்த பார்வையில் அப்படியே வாயை மூடிக்கொண்டு முதுகில் ஏறி உட்கார்ந்தது. மைனா மட்டும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து இலவ மரத்தில் வெடித்திருந்த காயிலிருந்து பஞ்சைக் கொத்திக்கொண்டு வந்து பைக்குள் அடைத்தது. "குட்டிகளுக்கு" என்றது மெதுவாக.

அவர்கள் போய்ச் சேர்ந்த அன்று மாலையே பிச்சிக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. வெளியே மழை கொட்டியது. செவ்வந்தி பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொன்றையும் சுற்றி, பஞ்சுக்குள் படுக்க வைத்தது. நடுங்கிக்கொண்டிருந்த குட்டிகள் நடுக்கம் நின்று தூங்கிப்போயின.

மேலக்காட்டுக்காரர்கள் மழையில் நனைந்துகொண்டே வந்து பார்த்தார்கள். செவ்வந்தி என்ன சேலை கட்டியிருக்கிறது என்று யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூன்று குட்டி மூக்குகளைத்தான் பார்த்தார்கள்.

எல்லாரும் போன பிறகு பிச்சி மூலையில் இருந்த பையைப் பார்த்தது. அதன் முகம் வாடிவிட்டது.

"என்னக்கா, இவ்வளவு சின்னப் பையா இருக்கு? உடனே கிளம்பிடுவியா?"

செவ்வந்தி தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்தது. "போடி பைத்தியம். மழைக்காலம் முடியற வரைக்கும் உன்கூடத்தான் இருப்பேன். கட்டிக்கிட்டு இருக்கறது ஒண்ணு, மாத்திக்கட்ட ஒண்ணு. துவைச்சுத் துவைச்சுக் கட்டிக்கிட்டாப் போதாதா?"

நீதி: ஊர் பார்ப்பதற்காக எடுப்பதைக் குறைத்தால், நம்மவருக்கு வேண்டியதை எடுத்துப் போக இடம் கிடைக்கும்.