மகிழினியின் சட்டைப் பொத்தான்கள்

மகிழினிக்குப் பிறவியிலேயே வலது கை விரல்கள் மடங்காது. பள்ளித் தாளாளர் வைரவநாதனோ வேட்டி மடிப்புக்கூட கலையாமல் நடக்கிற ஆள்.

"பொத்தான் வச்ச சீருடையை அவளே போட்டுக்கணும். முடியலைன்னா வேற பள்ளிக்கூடம் பாருங்க" என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அம்மா நேரே தையற்கடைப் பூங்காவனத்திடம் போனாள். "அளவைக் குடுங்கக்கா" என்றாள் பூங்காவனம்.

திங்கட்கிழமை காலை, தாளாளர் முன்னால், பள்ளி மைதானமே பார்த்திருக்க, மகிழினி உள்சட்டைக்கு மேலே புதுச் சட்டையை இடது கையாலேயே மாட்டி மூடிவிட்டாள். வெளியே வரிசையாகப் பொத்தான்கள். பிள்ளைகள் கைதட்டியதும், பெருமை தாங்காமல் காலரை 'பர்ர்' என்று பிரித்துக் காட்டினாள். உள்ளே இருந்தது 'வெல்க்ரோ' ஒட்டு நாடா.

தாளாளர் முகம் சிவந்துவிட்டது. வாசலில் நின்ற பூங்காவனத்தைக் கூப்பிட்டார்.

"பொத்தான் சும்மா ஒப்புக்கா? இந்த ஏமாத்து வேலையை எங்கே கத்துக்கிட்டே?"

"ஒரு பெரிய மனுஷர்கிட்டதாங்க ஐயா. அவர் வேட்டியிலயும் இதே நாடாதான். தேஞ்சுபோச்சுன்னு ஆள்கிட்ட குடுத்தனுப்பினார். புதுசு வச்சுத் தைச்சுக் குடுத்தேன்."

"யாரும்மா அது? இங்கே இருந்தா காட்டு!"

"பேர் சொன்னா மரியாதையா இருக்காதுங்க. ஆனா ஒரு ஓரத்தைத் தைக்காம விட்டுட்டேனோன்னுதான் காலையிலேருந்து பயமா இருக்கு."

தாளாளரின் இரண்டு கைகளும் இடுப்புக்குப் பாய்ந்தன. மைதானம் கொல்லென்று சிரித்தது.

மகிழினி மட்டும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்:

"கூச்சப்படாதீங்க ஐயா. ஒரு கையால அமுக்குனாலே போதும், பிடிச்சுக்கும்."