வளையத்தைத் திருப்பிய கை

ஏற்காட்டில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் ஒரு தகரக் கொட்டகை. காப்பிக்கொட்டை வறுக்கிற இடம். வறுப்பவள் பெயர் ஷம்ஷாத். வயது நாற்பதைத் தொடவில்லை, ஆனாலும் தலை நரைத்தவர்கள்கூட அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலேயே எஸ்பிரெஸோ காப்பி போடக் கற்றுக்கொள்ள அவளிடம் வருவார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் அவள் தலை வெடித்துவிடும்போல. வெறுத்துப்போய்ப் பாதியில் நின்றவர்கள் பல பேர்.

எஸ்தர் நிற்கவில்லை. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவள். பிடித்தால் பிடித்ததுதான், விடமாட்டாள். அந்தக் குணம்தான் அவளைக் காப்பாற்றியது, அதே குணம்தான் அவளைக் கெடுத்ததும்.

அன்றைக்கு நடுப்பகலிலும் மலையில் பனி இறங்கியிருந்தது. எஸ்தர் கொட்டகைக்குள் வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாஸ்டர், எனக்குக் காப்பிக்கொட்டை அரைக்க ஒரு கை கிரைண்டர் வேணும். நீங்களே பார்த்து நல்லதா ஒண்ணு சொல்லுங்க."

"போன மாசம்தானே வாங்குனீங்க?"

"அது சரிப்படலை."

"சரியா அரைக்கலையா?"

"அரைக்குது. நல்லாவே அரைக்குது." எஸ்தர் குரலைத் தணித்தாள். "நான் கை வைக்காதப்பவும் அரைக்குது."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஷம்ஷாத் அடுப்பைக் குறைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்கக்கா."

அக்கா என்ற சொல் காதில் விழுந்ததும் எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சொல்லை அவள் வீட்டில் கேட்டுப் பல வருஷம் ஆயிற்று.

வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். எஸ்தர், அவள் தங்கை டார்கஸ். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேலத்தில் ஒரே கூரை, ஒரே சமையலறை, ஒரே கிரைண்டர். பேச்சு மட்டும் கிடையாது. அம்மா இறந்தபோது, சொந்த ஊர்க் கல்லறையில் அப்பா பக்கத்தில் வைக்கணும் என்று டார்கஸ் அழுதாள். எஸ்தர் கேட்கவில்லை. மழை, தூரம், வண்டி கிடைக்காது என்று ஆயிரம் காரணம் சொல்லி சேலத்திலேயே அடக்கம் செய்துவிட்டாள். தப்பு தன் பக்கம் என்று அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், அதைச் சொல்ல வாய் வரவில்லை. அன்று பேச்சில் விழுந்த பூட்டுதான்.

ஷம்ஷாத்திடம் காப்பி கற்றுக்கொள்ள இரண்டு பேரும் வந்தார்கள். ஒருத்தி செவ்வாய்க்கிழமை, ஒருத்தி வெள்ளிக்கிழமை. இதை என்னவென்று சொல்ல.

ஆனால் ஒரு வழக்கம் மட்டும் அந்த வீட்டில் நிற்கவில்லை. கிரைண்டரின் கழுத்தில் எண் போட்ட வளையம் ஒன்று உண்டு. எண் குறையக் குறையத் தூள் நைசாகும். எஸ்தருக்குப் பன்னிரண்டு. டார்கஸுக்குக் கசப்பு தூக்கலாக இருக்கவேண்டும், அதனால் ஒன்பது. எஸ்தர் காலையில் தனக்கு அரைத்து முடித்ததும் வளையத்தை ஒன்பதுக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போவாள். டார்கஸ் சாயங்காலம் நாலு மணிக்கு அரைத்துக் குடித்துவிட்டு அதைப் பன்னிரண்டுக்குத் திருப்பி வைப்பாள். முகம் பார்க்காத ஜென்மங்கள் இதில் மட்டும் ஒருநாளும் தவறினதில்லை. வீம்போ, பாசமோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் டார்கஸ் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

"அடக்கம் முடிஞ்ச மறுவாரம் ஆரம்பிச்சுது மாஸ்டர். பட்டப்பகல், நாலு மணி. சமையலறையில அரைக்கிற சத்தம். கொட்டை போடாம அரைச்சா உள்ள இருக்கிற இரும்புப் பல்லு ஒண்ணோட ஒண்ணு உரசுமே, அந்தச் சத்தம். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரலை."

"பக்கத்து வீட்டுச் சத்தமா இருக்குமோ?"

"நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா வளையம் மாறுதே. பன்னிரண்டுல வெச்சு அரைக்கிறேன். மத்தியானம் பார்த்தா ஒன்பதுல நிக்குது. மறுநாள் காலையில பார்த்தா பன்னிரண்டுல இருக்கு. பழைய கிரைண்டர்லதான் ஏதோ இருக்குன்னு அதைச் சர்ச்சுக்குக் கொடுத்துட்டுப் புதுசு வாங்குனேன். புதுசும் அதே ஆட்டம்தான் ஆடுது."

ஷம்ஷாத் வறுசட்டியை ஒரு தரம் கிளறிவிட்டாள்.

"நாலு மணியானா நான் வீட்ல இருக்கிறதில்லை. தெருத்தெருவா நடக்கிறேன். இனிமே முடியாது. இன்னொரு தடவை அந்த வளையம் திரும்புச்சுன்னா வீட்டைப் பூட்டிச் சாவியை புரோக்கர்கிட்ட கொடுத்துட்டு எங்கேயாவது முதியோர் ஹோமுக்குப் போயிடுவேன். அம்மா வாழ்ந்த வீடு அது. எனக்கு வேற போக்கிடம் கிடையாது மாஸ்டர்." எஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரும் திருப்பவே முடியாத கிரைண்டரா ஒண்ணு கொடுங்க."

ஷம்ஷாத் அலமாரியிலிருந்து இரண்டு கிரைண்டர்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்றின் கழுத்தில் வளையம் இருந்தது. இன்னொன்று மொழுமொழுவென்று இருந்தது.

"இது வளையம் இல்லாதது. எல்லாத்தையும் கழட்டி, உள்ளே இருக்கிற திருகைத் திருகினாத்தான் நைசு மாறும். ஒருத்தர் மட்டும் குடிக்கிற வீட்டுக்கு ஏத்தது."

"அப்போ இதுதான் எனக்கு."

"இருங்க. முதல்ல வளையம் வெச்சதுல ஒரு காப்பி போட்டுக் குடிங்க. வித்தியாசம் தெரியணும்ல."

எஸ்தர் கொட்டையைப் போட்டாள். வளையத்தைப் பன்னிரண்டில் வைத்து அரைத்தாள். தூளைக் கொட்டி, பிரஷ்ஷால் துடைத்து, கிரைண்டரை மேஜையில் வைத்தாள். தூளை இறுக்கி, அங்கே இருந்த எஸ்பிரெஸோ மிஷினின் கைப்பிடியை அழுத்தினாள். தேன் மாதிரி காப்பி சொட்டியது. ஒரு வாய் குடித்ததும் நெஞ்சுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"நல்லா இருக்கு மாஸ்டர். ஆனா எனக்கு அந்த இன்னொண்ணு போதும்."

"கிரைண்டரைப் பாருங்க."

எஸ்தர் பார்த்தாள். வளையம் ஒன்பதில் நின்றது.

கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டாள். கொட்டகை வாசல் வரைக்கும் பனி வந்து நின்றிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு கதவை, பிறகு தனக்குப் பின்னால்.

"இங்கேயும் வந்துட்டா," என்றாள்.

"இல்லக்கா. அது நீங்கதான். நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். தூளைக் கொட்டுனீங்க, துடைச்சீங்க, ஒன்பதுக்குத் திருப்பி வெச்சீங்க. உங்க கை பாட்டுக்குச் செஞ்சுது."

எஸ்தர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அட, நான் ஒரு பைத்தியக்காரி. நானேதானா? இதுக்கா இத்தனை நாளா தெருவுல சுத்துனேன்?"

"ஒன்பதுக்குத் திருப்புறது நீங்கதான்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ பன்னிரண்டுக்கு?"

ஷம்ஷாத் வறுசட்டியைக் கிளறப் போய்விட்டாள். கொட்டைகள் படபடவென்று வெடிக்க ஆரம்பித்திருந்தன. பதில் வருகிற மாதிரி இல்லை. இந்த மனுஷியைப் பற்றித் தெரிந்தும் கேட்டேனே என்று எஸ்தருக்குக் கோபமாக வந்தது.

மொழுமொழு கிரைண்டரை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் இதையே எடுத்துக்கிறேன் மாஸ்டர். இதுல வளையமும் இல்லை, எண்ணும் இல்லை. என் கையும் திருப்ப முடியாது, வேற எந்தக் கையும் திருப்ப முடியாது."

"சரிக்கா." ஷம்ஷாத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "நாலு மணிக்கு டார்கஸ் வந்து வளையத்தைத் தேடுவாங்க. அவங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"நான் எப்படிச் சொல்றது? அவளுக்கும் எனக்கும்தான் பேச்சு கிடையாதே."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது எஸ்தரின் காதில் விழுந்தது.

ஷம்ஷாத் அடுப்பை அணைத்தாள். வந்து, எஸ்தரின் கையிலிருந்து கிரைண்டரை மெதுவாக வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சா நாலுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். பேசிட்டு வாங்கக்கா. கிரைண்டரை அப்புறம் பார்த்துக்கலாம்."